64 வரி ரிஜிஸ்டர்ல அந்த சுவர் இல்லையேம்மா

கேள்வி: சார், எனக்கு வயசு 28. சிவில் முடிச்சிட்டு அஞ்சு வருஷமா ஒரு சின்ன காண்ட்ராக்ட் கம்பெனில பிளானிங் இன்ஜினியரா இருக்கேன். இப்ப சென்னைல முடிச்சூர் பக்கம் ஒரு ஹாஸ்டல் பில்டிங், ஒரு பேஸ்மென்ட், மேல நாலு மாடி, 11 கோடி ஆர்டர், அடுத்த மே கடைசில ஹேண்டோவர். மண் எடுக்குற வேலை மே முதல் வாரம் ஆரம்பிச்சது, ஜூன் நடுவுல முடியணும், இப்ப ஜூலை கடைசி, பாதிதான் முடிஞ்சிருக்கு. ஹெட் ஆபீஸ்ல ரிஸ்க் ரிஜிஸ்டர், அதாவது வேலைல என்னென்ன தப்பாகலாம்னு ஒரு லிஸ்ட், கேட்டாங்க. பழைய ப்ராஜெக்ட் ஷீட்ட எடுத்து 64 வரில ரெடி பண்ணி அனுப்பினேன். நல்லா இருக்குன்னாங்க, அதோட சரி, யாரும் திறந்து பாக்கல. மழைக்குள்ள பேஸ்மென்ட் மேல வராதுன்னு பயமா இருக்கு. ப்ராஜெக்ட் மேனேஜர் (பிஎம்) சார்கிட்ட சொன்னா எப்பப்பாரு நெகட்டிவாவே பேசுறேன்னு திட்டுறார். இதுக்கு நடுவுல பக்கத்து வீட்டு அம்மா அவங்க காம்பவுண்ட் சுவர்ல விரிசல் விட்டிருக்குன்னு தினம் சண்டைக்கு வர்றாங்க, அவங்கள சமாதானம் பண்றதுக்கே பாதி நாள் போயிடுது. ரிஸ்க்க சரியா கண்டுபிடிக்கிறது எப்படி, மேல இருக்குறவங்களுக்கு எப்படி புரிய வைக்கிறது? பேர் போட வேண்டாம் சார்.

பதில்:

உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன்ம்மா. முதல் தடவ படிக்கும்போது ரிஜிஸ்டர், பிஎம், மழை இதெல்லாம்தான் மனசுல நின்னுச்சு, ரெண்டாவது தடவ அந்த பக்கத்து வீட்டு சுவர் வரில அப்படியே நின்னுட்டேன். நீங்க அத ஒரு தொந்தரவு மாதிரி போற போக்குல எழுதிட்டீங்க, ஆனா அந்த லெட்டர்ல இருக்குற ரிஸ்க்குலயே பெரிய ரிஸ்க் அதுதான். அனுப்பியிருந்த 64 வரியையும் பாத்தேன், சிமென்ட் விலை ஏற்றம் இருக்கு, நிலநடுக்கம் இருக்கு, பெருந்தொற்று கூட இருக்கு, அந்த சுவர் இல்ல.

அதனால மத்தது எல்லாத்துக்கும் முன்னாடி, நாளைக்கு காலைல சைட்டுக்கு போனதும் முதல் வேலையா அந்த அம்மா வீட்டு கதவ தட்டுங்க. சமாதானம் பண்ண இல்ல, பாக்கறதுக்கு. விரிசல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, படிக்கட்டு மாதிரி ஏறுதா, நேரா இறங்குதா, மேல அகலமா கீழ அகலமா எல்லாத்தையும் பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க. விரிசலுக்கு குறுக்க ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்டு, ரெண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வச்சு ஒட்டி, மேல தேதி எழுதிடுங்க. சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும், அவ்ளோதான் டெக்னாலஜி. அப்புறம் உங்க பக்கம் வந்து குழி ஓரமா மண் தரைய பாருங்க, குழிக்கு இணையா கோடு மாதிரி ஏதாவது வெடிப்பு ஓடுதான்னு. புல்லு, குப்பை, தார்ப்பாய் கிடந்தா தூக்கிட்டு பாருங்க. அந்த ஓரத்துல மண்ண குவிச்சு வச்சிருந்தா அன்னைக்கே எடுத்துடணும், டிப்பர் அந்த பக்கம் வரவே கூடாது, லேபர் ஷெட் அந்த சுவரை ஒட்டி இருந்தா அன்னைக்கு ராத்திரியே ஆளுங்கள வேற இடத்துக்கு மாத்தணும். வெடிப்பு இருந்தா குழிக்குள்ள அந்த பக்கம் யாரையும் இறக்காதீங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேர்ல வந்து பாக்குற வரைக்கும். இதுக்கு யாரோட பெர்மிஷனும் தேவையில்ல, பிஎம் கத்தினா கத்தட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, 2005ல நான் ஒரு சைட்ல ஜூனியரா இருந்தேன், அப்பவும் இதே மாதிரி ஒரு குழிதான். அந்த அக்டோபர் கடைசில சென்னைய போட்டு புரட்டுன மழை பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழைக்கு பத்து நாள் முன்னாடியே எங்க வாட்ச்மேன் தாத்தா எங்கிட்ட வந்து "சாமி, ஓரத்துல தரை பேசுது"ன்னார். அவர் சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் இருக்கு. போய் பாத்தேன், விரல் நுழையாத அளவுக்கு ஒரு கோடு, இருபது அடி நீளத்துக்கு. சீனியர்கிட்ட சொன்னேன், வெயில்ல மண்ணு வெடிக்கிறதுதான்னார், நானும் சரின்னு விட்டுட்டேன். மழை ஆரம்பிச்ச ரெண்டாவது ராத்திரி அந்த கோட்டோட மொத்த மண்ணும் பக்கத்து சுவரும் சேர்ந்து உள்ள இறங்குச்சு. கீழ கம்பி கட்டிட்டிருந்த எட்டு பேரும் மழையினால அன்னைக்கு சீக்கிரம் மேல வந்துட்டாங்க. அந்த எட்டு பேரை காப்பாத்தினது மழைதான், நாங்க யாரும் இல்ல. இருபது வருஷம் ஆச்சு, இன்னைக்கும் குழி ஓரத்துல நின்னா முதல்ல தரையத்தான் பாக்குறேன்.

எல்லா குழிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கிறதில்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரில கட்டுமானத்துக்கு தோண்டி வச்சிருந்த குழில மண் சரிஞ்சு ரெண்டு பேர் இறந்துபோனாங்க, உடலை வெளிய எடுக்கவே நாள் கணக்குல ஆச்சு. உங்க சைட்டுக்கும் அந்த இடத்துக்கும் ரொம்ப தூரம் இல்ல.

சரி, இப்ப உங்க கேள்விக்கு வர்றேன்.

உங்க ரிஜிஸ்டர்ல 11வது வரி "மழை", அதுக்கு எதிர்ல "மீடியம்", அதுக்கு எதிர்ல "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்". இத வச்சு யாரு என்ன பண்ண முடியும்? மழை ரிஸ்க் இல்லம்மா, மழை வரும். சென்னைக்கு வருஷத்துக்கு சராசரியா 1,400 மில்லிமீட்டர் பெய்யுது, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள, வடகிழக்கு பருவமழை வழக்கமா அக்டோபர் 20 வாக்குல ஆரம்பிக்கும். தேதி வரைக்கும் தெரிஞ்ச ஒண்ண ரிஸ்க்னு எழுதக்கூடாது. ஐஎஸ்ஓ 31000னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, ரிஸ்க்னா என்னன்னு அதுல சொல்றத நம்ம பேச்சுல சொல்லணும்னா, நாம போய் சேர வேண்டிய இடத்துக்கும் நமக்கும் நடுவுல நிச்சயமில்லாம இருக்குறது எது, அது நம்ம இலக்க என்ன பண்ணும். நிச்சயமில்லாதது மழை இல்ல, மழை வரும்போது உங்க குழி எந்த நிலைமைல இருக்கும்ங்கிறதுதான் நிச்சயமில்லாதது.

அதனால ஒரு வரிய இப்படி எழுதிப் பாருங்க: "மண் எடுக்குறது இப்ப போற வேகத்துலயே போனா, அக்டோபர் 20க்குள்ள ராஃப்ட் (பேஸ்மென்டோட அடித்தள ஸ்லாப்) கான்கிரீட் போட முடியாம குழி திறந்தே இருக்கலாம், அப்படி இருந்தா அந்த அம்மா சுவர் இருக்குற கிழக்கு பக்க மண் சரியலாம், ஆள் உயிர் போகலாம், பக்கத்து வீடு பாதிக்கலாம், வேலை ஜனவரி வரைக்கும் நிக்கலாம்." எதனால, என்ன நடக்கலாம், நடந்தா என்ன ஆகும், மூணும் ஒரே வரில வந்திடுச்சு பாருங்க. கொஞ்சம் நீளம்தான், ஆனா இத படிச்சா கை தானா போன எடுக்கும், "மழை - மீடியம்" படிச்சா எடுக்காது.

அந்த வேகம்னு சொன்னேன்ல, அத ஒரு நிமிஷம் கணக்கு போடுங்க. மே முதல் வாரத்துல இருந்து ஜூலை கடைசி வரைக்கும் 12 வாரம், முடிஞ்சது பாதி. மீதி பாதிக்கும் 12 வாரம்னா அக்டோபர் 20 கிட்ட வந்து நிக்குது, சரியா மழை ஆரம்பிக்கிற நாள்ல. அதுக்கப்புறம்தான் பிசிசிங்கிற கம்பி இல்லாத அடி கான்கிரீட், வாட்டர்ப்ரூஃபிங், ராஃப்ட்டுக்கு கம்பி எல்லாம். உங்க பார் சார்ட்ல செப்டம்பர் 10 ராஃப்ட் முடியும்னு போட்டிருக்கீங்க, அந்த தேதி எங்கேருந்து வந்துச்சு? மே மாசம் போட்ட பிளான் தேதிய, லேட்டான ஆறு வாரத்தக் கூட முழுசா தள்ளாம, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு எழுதினதுதானே. நம்ம ஃபீல்டுல எல்லாரும் பண்ற தப்பு இது, நடந்த வேகத்த விட்டுட்டு நடக்கணும்னு ஆசைப்படுற வேகத்துல மீதி வேலைய கணக்கு பண்றது. வேகம் கூடும்னு சொல்றவங்கள என்ன மாறப்போகுதுன்னு கேளுங்க, இன்னொரு ஹிட்டாச்சி வருதா, டிப்பருக்கு மண் கொட்ட கிட்டத்துல இடம் கிடைச்சிருச்சா. ஒண்ணும் மாறலன்னா வேகமும் மாறாது.

ரிஸ்க்க எங்க தேடுறதுன்னு கேட்டீங்க. பழைய ப்ராஜெக்ட் ஷீட்ல தேடாதீங்க, அது அந்த சைட்டோட பயம், உங்க சைட்டோடது இல்ல. உங்க சைட்ட சுத்தி இருக்குற ஆளுங்ககிட்ட இருக்கு. குழில தண்ணி இறைக்குற மோட்டார ஓட்டுற பையன்கிட்ட போங்க, தினம் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுதுன்னு கேளுங்க. போன மாசம் அஞ்சு மணி நேரம் ஓடினது இப்ப எட்டு மணி நேரம் ஓடுதுன்னா, நீங்க எந்த டெஸ்ட்டும் எடுக்காமலேயே தண்ணி எங்கேருந்தோ கூடுதலா வருதுன்னு தெரிஞ்சு போச்சு. அந்த தண்ணி கலங்கலா வருதா தெளிவா வருதான்னும் கேளுங்க, கலங்கலா வந்தா பக்கத்து மண்ணையும் சேர்த்து இழுத்துட்டு வருதுன்னு அர்த்தம், அந்த அம்மா சுவர் விரிசலுக்கு அங்கேயே பதில் இருந்தாலும் இருக்கும். கம்பி கட்டுற மேஸ்திரிகிட்ட அவரோட ஆளுங்க எந்த ஊருன்னு கேளுங்க. பீகார் ஆளுங்கன்னா தீபாவளி முடிஞ்சு ஆறாம் நாள் சட் பூஜை, பாதி பேர் ஊருக்கு போயிடுவாங்க, திரும்பி வர மூணு வாரம் ஆகும், அது உங்களுக்கு சரியா ராஃப்ட் கம்பி கட்டுற நேரத்துல வந்து விழும். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல, மேஸ்திரிக்கு தெரியும், அவர்கிட்ட யாரும் கேக்கல அவ்ளோதான்.

அப்புறம் சைட்டுக்கு எதிர்ல டீக்கடை இருக்கும்ல, அந்த அண்ணன்கிட்ட 2015ல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு கேளுங்க. அந்த டிசம்பர் 1ம் தேதி ஆரம்பிச்ச மழைல ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் பதிவாச்சு, செம்பரம்பாக்கத்துல 47. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கினப்போ வீட்டுக்குள்ள இருந்தவங்கள போட்ல கூட்டிட்டு போனாங்க. அந்த அண்ணன் சுவர்ல கைய வச்சு இது வரைக்கும்பார். அந்த உயரத்த உங்க லெவல் மெஷின்ல எடுத்து டிராயிங்ல ஒரு சிவப்பு கோடு போடுங்க. ஜெனரேட்டர் எங்க வைக்கிறது, சிமென்ட் குடோன் எங்க வைக்கிறது, பேனல் போர்டு எந்த உயரத்துல மாட்டுறதுன்னு பத்து கேள்விக்கு அந்த ஒரு கோடு பதில் சொல்லும்.

இன்னொண்ணும் பண்ணுங்க. ஒரு சாயங்காலம் மேஸ்திரி, சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், சேஃப்டி ஆள் எல்லாரையும் உக்கார வச்சு டீ சொல்லிட்டு, "இன்னைக்கு நவம்பர் 30ன்னு வச்சுக்கோங்க, நம்ம வேலை மொத்தமா கெட்டுப்போச்சு, என்ன நடந்துச்சு சொல்லுங்க"ன்னு கேளுங்க. என்ன நடக்கலாம்னு கேட்டா "ஒண்ணும் ஆகாது மேடம்"பாங்க, என்ன நடந்துச்சுன்னு நடந்து முடிஞ்ச மாதிரி கேட்டா கதை கதையா வரும். கேரி க்ளைன்ங்கிற உளவியல் நிபுணர் இதுக்கு ப்ரீமார்ட்டம்னு பேர் வச்சார், போஸ்ட்மார்ட்டம் செத்தப்புறம் பண்றது, இது சாகறதுக்கு முன்னாடியே பண்றது. நான் இத நிறைய சைட்ல பண்ணிருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்ல யாருக்குமே தெரியாத ஒண்ணாவது வெளிய வந்திருக்கு. ஒரே ஒரு நிபந்தனை, சொன்னவன யாரும் திட்டக்கூடாது, பிஎம் இருந்தா வாயத் திறக்கமாட்டாங்கன்னா முதல் தடவ அவர் இல்லாமலே வச்சுக்கோங்க.

அப்படி கேட்டா கூட வெளிய வராத ஒண்ண நான் சொல்றேன், உங்க 64 வரிலயும் இல்ல. ராஃப்ட் போட்டாச்சு, சுவரும் ஏத்தியாச்சு, இனிமே தண்ணி உள்ள வராது, மோட்டாருக்கு ஏன் டீசல் செலவுன்னு யாராவது நிறுத்திடுவாங்க. அங்கதான் ஆபத்து. காலி பேஸ்மென்ட்ங்கிறது தண்ணில வச்ச காலி டப்பா மாதிரி. ஒரு மீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்னா சதுர மீட்டருக்கு ஒரு டன் அளவுக்கு மேல் நோக்கி தள்ளும். உங்க ராஃப்ட்டோட அடிப்பக்கம் தரைல இருந்து நாலரை மீட்டர் கீழன்னு வைங்க, மழைல நிலத்தடி தண்ணி தரை மட்டத்துக்கு வந்திடுச்சுன்னா சதுர மீட்டருக்கு நாலரை டன் கீழேருந்து தூக்கும். 600 மில்லிமீட்டர் ராஃப்ட்டோட எடை எவ்வளவு, ஒன்றரை டன். சுவர், தூண், மேல ஒரு ஸ்லாப் எல்லாம் சேர்த்தா கூட மூணு டன் கிட்டதான் வரும். மேல ஏற வேண்டிய மாடிங்க ஏறுற வரைக்கும் அந்த மொத்த டப்பாவும் மிதக்கப் பாக்கும், ஒரு பக்கமா தூக்கி ராஃப்ட் விரிசல் விட்டா அப்புறம் அத சரி பண்றதுக்கு சொத்தையே எழுதிக் குடுக்கணும். அதனால எந்த ஸ்லாப் போட்டப்புறம் மோட்டார நிறுத்தலாம்னு ஸ்ட்ரக்சுரல் டிசைனர்கிட்ட எழுத்துல வாங்குங்க, அந்த லெட்டர லேமினேட் பண்ணி மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்துலயே மாட்டுங்க. கரண்ட் போயி, டீசல் பம்ப்பும் நின்னு, தண்ணி ஏறிக்கிட்டே போனா பேஸ்மென்டுக்குள்ள தண்ணிய நாமளே விட்டு எடைய ஏத்தணும், எந்த லெவல் வந்தா அத பண்றதுன்னு அதையும் அவர்கிட்டயே இப்பவே கேட்டு வைங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் போன எடுக்கமாட்டார்.

மார்க் போடுற விஷயத்துக்கு வருவோம். நீங்க எல்லாத்துக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போட்டு பெருக்கியிருக்கீங்க, வாய்ப்பு இவ்வளவு, பாதிப்பு இவ்வளவு, பெருக்கினா கலர். விலை, லேட், இதுக்கெல்லாம் அது ஓகே. ஆனா உங்க ஷீட்ல மண் சரிவுக்கு வாய்ப்பு 1, பாதிப்பு 5, பெருக்குத்தொகை 5, கலர் பச்சை. கம்பி விலை ஏறுறதுக்கு 4, 3, பெருக்கினா 12, மஞ்சள். ஆள் சாகுறது பச்சை, கம்பி விலை மஞ்சள். நீங்க வேணும்னு பண்ணல, அந்த பெருக்கல் பண்ணுச்சு. ஆள் உயிர் சம்பந்தப்பட்ட எதையும் பெருக்காதீங்க, அத தனி பக்கத்துல எழுதுங்க, அங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், தடுக்க என்ன பண்ணிருக்கோம். 2014 ஜூன் 28ம் தேதி மௌலிவாக்கத்துல கட்டிட்டிருந்த 11 மாடி கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தாங்க, நாம எல்லாம் அந்த ஊர்லதான் கட்டடம் கட்டிட்டு இருக்கோம், அத எப்பவும் மறக்கக்கூடாது.

வாய்ப்பு 1ன்னு யார் போட்டதுன்னும் எழுதி வைங்க. 1986 ஜனவரில சேலஞ்சர் விண்கலம் வெடிச்சு ஏழு பேர் இறந்தப்போ விசாரணைல இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஒரு விஷயத்த கவனிச்சார். விண்கலம் தோத்துப் போக வாய்ப்பு எவ்வளவுன்னு கேட்டதுக்கு வேலை செய்யுற இன்ஜினியருங்க நூத்துல ஒண்ணுன்னாங்க, மேனேஜ்மென்ட் லட்சத்துல ஒண்ணுன்னுச்சு. ஒரே விண்கலம், ஆயிரம் மடங்கு வித்தியாசம். உங்க சைட்லயும் குழிக்குள்ள இறங்குறவன் போடுற மார்க்கும் ஏசி ரூம்ல போடுற மார்க்கும் ஒண்ணா இருக்காது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, சராசரி எடுக்காதீங்க. ஏன் இவ்வளவு வித்தியாசம்னு பேசினாலே பாதி விஷயம் வெளிய வந்திடும்.

கம்பி விலை, சிமென்ட் விலை, டைல்ஸ் லேட்டு இதுக்கெல்லாம் நான் அதிகம் சொல்லமாட்டேன். ராஃப்ட்டுக்கும் ரெண்டு மாடிக்கும் வேண்டிய கம்பிய ரேட் பேசி வச்சுக்கோங்க, மீதிய ஏத்துக்கோங்க. எல்லா ரிஸ்க்குக்கும் ஏதாவது செஞ்சே ஆகணும்னு இல்ல, இது நடந்தா இவ்வளவு போகும், தாங்குவோம்னு தெரிஞ்சே ஏத்துக்கிறதும் முடிவுதான். ஆனா அடுத்தவன் தலைல கட்டிட்டோம்னு நினைக்கிறது முடிவு இல்ல. டீவாட்டரிங், அதாவது தண்ணி இறைக்குறது, சப் காண்ட்ராக்டர் பொறுப்புன்னு 23வது வரில போட்டிருக்கீங்க, அவர்கிட்ட ஸ்பேர் பம்ப் இருக்கா, போய் கண்ணால பாத்தீங்களா? அக்ரிமென்ட்ல அவர் கையெழுத்து இருக்கும், குழில உங்க ஆளுங்க இருப்பாங்க. இன்சூரன்சும் அப்படித்தான், காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி போட்டிருப்பாங்க, அந்த காப்பிய வாங்கி பக்கத்து வீட்டு சொத்துக்கு கவர் இருக்கா, நாம கைல இருந்து முதல்ல போட வேண்டிய தொகை எவ்வளவுன்னு படிங்க. நிறைய பேர் நஷ்டம் ஆனதுக்கு அப்புறம்தான் அந்த பக்கத்த முதல் தடவையா படிக்கிறாங்க.

இப்ப பிஎம். அவர் கெட்டவர் இல்லம்மா, நான் அந்த சீட்ல இருந்திருக்கேன். அவருக்கு மேல இருந்து தினம் போன் வருது, நீங்க போய் "சார் பயமா இருக்கு, மழைக்குள்ள முடியாது போல"ன்னு சொன்னா அவரால அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, மேல சொல்லவும் முடியாது, அதனால கோவம் வருது. அவருக்கு தேவை முடிவு எடுக்குறதுக்கு மூணு வழி, ஒவ்வொண்ணுக்கும் ரூபாய், ஒரு தேதி. அத ஒரே பக்கத்துல எழுதிட்டுப் போங்க.

இப்படியே போறது ஒரு வழி. அக்டோபர் 20ல குழி திறந்திருக்கும், வேலை ஜனவரி வரைக்கும் நிக்கலாம், அக்ரிமென்ட்ல எல்டி (லேட்டானா பிடிக்குற தொகை) என்னன்னு பாருங்க, நிறைய அக்ரிமென்ட்ல வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் அஞ்சோ பத்தோ சதவீதம்னு இருக்கும், 11 கோடிக்கு அரை சதவீதம்னா வாரம் அஞ்சரை லட்சம். வழக்கமான மழைக்கெல்லாம் டைம் எக்ஸ்டென்ஷன் தரமாட்டாங்க, மழை வரும்னு உங்களுக்கு தெரியாதான்னுதான் கேப்பாங்க. இன்னொரு ஹிட்டாச்சி, ராத்திரி டிப்பர், கிழக்கு பக்கத்துக்கு மண் சரியாம முட்டு குடுக்குற ஷோரிங், இதெல்லாம் போட்டு அஞ்சு வாரத்துல முடிக்கிறது இன்னொரு வழி, அதுக்கு வாடகை எவ்வளவு ஆகும்னு ரெண்டு கொட்டேஷன் வாங்கி வைங்க.

மூணாவதுதான் எனக்கு பிடிச்சது. தோண்டின பாதிய மட்டும் இப்ப எடுத்துக்கிட்டு செப்டம்பர் கடைசிக்குள்ள ராஃப்ட்டும் சுவரும் முடிக்கிறது, கிழக்கு பக்க மண்ண தொடவே தொடாம சரிவா விட்டு தார்ப்பாய் போட்டு மூடி, பொங்கலுக்கு அப்புறம் தோண்டுறது. இதுக்கு ராஃப்ட்ல ஜாயின்ட் வரும், அதுல தண்ணி கசியாம வாட்டர் ஸ்டாப்பர் போடணும், டிசைனர் ஒத்துக்கணும், மேல சொன்ன மிதக்குற பிரச்சினை பாதி ராஃப்ட்டுக்கும் உண்டு. மே கடைசிக்கு மொத்தமா குடுக்க முடியாது, சில வாரம் தள்ளிப் போகும், அத கிளையன்ட்கிட்ட இப்பவே சொல்லணும். கஷ்டமான பேச்சுதான், ஆனா ஆகஸ்ட்ல ஆறு வாரம் லேட்டாகும்னு சொல்ற காண்ட்ராக்டர கிளையன்ட் திட்டுவார், ஏப்ரல்ல நாலு மாசம் லேட்டாகும்னு சொல்றவர அனுப்பிடுவார்.

அந்த பக்கத்தோட கடைசில "ஆகஸ்ட் 10க்குள்ள முடிவு வேணும், அதுக்கு மேல போனா மத்த ரெண்டு வழியும் கைய விட்டுப் போயிடும்"னு எழுதுங்க, நேர்ல குடுத்துட்டு மெயில்லயும் அனுப்புங்க. நேர்ல சொன்னது மறந்து போகும், மெயில் இருக்கும். சைட்ல ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் இருக்கும்ல, டிராயிங் லேட்டு, மண் கொட்ட இடம் இல்லாம நின்ன நாள் எல்லாத்தையும் அன்னன்னைக்கு அதுல ஏத்தி கிளையன்ட் கையெழுத்தும் வாங்குங்க. கிளையன்ட் பக்கத்து லேட்டுக்கு நாளைக்கு டைம் கேக்கும்போது உங்க கைல இருக்குற ஒரே ஆயுதம் அதுதான், உங்க கம்பெனில நிறைய பேருக்கு அது புரியறதில்ல.

64 வரிய ஒன்பதாக்குங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு ஆள் பேரு, "சைட் டீம்"னு இல்ல, ஒரு ஆள். எதப் பாத்தா அந்த ரிஸ்க் கிட்ட வந்துட்டதா தெரியும்னு ஒரு அறிகுறி, மோட்டார் பத்து மணி நேரம் தாண்டினா, கண்ணாடி உடைஞ்சா, தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி மேஸ்திரி ஆள் லிஸ்ட் குடுக்கலைன்னா, இந்த மாதிரி. அந்த அறிகுறி தெரிஞ்ச அன்னைக்கு யாரு என்ன செய்யணும்னும் இப்பவே எழுதிடுங்க. திங்கக்கிழமை காலைல இருபது நிமிஷம், ஆபீஸ் ரூம்ல வேண்டாம், குழி ஓரத்துல பத்திரமான தூரத்துல நின்னுக்கிட்டே படிங்க, முடிஞ்சத அடிங்க, புதுசா வந்தத சேருங்க. எழுதி வச்ச ரிஜிஸ்டர் மூணு வாரமா ஒரு எழுத்து கூட மாறலன்னா சைட்ல ஒண்ணும் மாறலன்னு இல்ல, யாரும் பாக்கலன்னு அர்த்தம்.

அந்த அம்மா பேரை முதல் வரில அறிகுறி கட்டத்துல எழுதுங்க. சம்பளம் இல்லாம உங்க கிழக்கு பக்கத்த தினம் பாத்து சொல்ற ஒரே ஆள் அவங்கதான், அவங்க நம்பர வாங்கிக்கோங்க, உங்க நம்பரையும் குடுத்து ராத்திரி எந்த நேரம்னாலும் கூப்பிட சொல்லுங்க. அவங்க பசங்க அந்த சுவர் ஓரமா விளையாடாம பாத்துக்க சொல்லுங்க, வண்டி நிறுத்துறாங்கன்னா அதையும் தள்ளி நிறுத்த சொல்லுங்க. கண்ணாடிய ஒட்டினதும் போட்டோவ எனக்கு அனுப்புங்க, சனிக்கிழமை அதே இடத்துல இருந்து இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ரெண்டையும் வச்சு பாத்துட்டு நானே உங்கள கூப்பிடுறேன்.